கறுவா போட்ட அப்பிள்

எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். அப்பிளோடு வருவார்கள். நோயாளியால் அப்பிளைக் கடிக்க முடியுமா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த என் மனைவியைக் கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்த முதல் வாரத்திலேயே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு நிரம்பிவிட்டது. சாப்பாட்டு மேசையிலும் அப்பிள் குவிந்தது. மொத்தம் முப்பத்தொன்று. கணக்காய்வாளனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கண்ணில் படுவதை எண்ணாமல் விட எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

அவளுக்கு வலக்கை விழுந்துவிட்டது. பேச்சில் நாலைந்து சொற்கள்தான் மிஞ்சின. அதைவிடப் பெரிய சிக்கல் தொண்டை. தண்ணீர் குடித்தால் புரைக்கேறியது. சோறு வாய்க்குள்ளேயே நின்றது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் ஊற்றலாம் என்று டொக்டர் சொன்னபோது நான் மறுத்தேன். அவர் கோபிக்கவில்லை.

"சரி, அடுத்த கிளினிக் வரைக்கும் பாப்பம். வாயால போதுமான அளவு சாப்பிட்டா குழாய் தேவையில்லை. இல்லாட்டி போடத்தான் வேணும்."

பக்கத்து வீட்டுக் குழம்பின் மணத்தை வைத்தே அதில் என்ன குறைகிறது என்று சொல்லக்கூடியவள் அவள். அப்படிப்பட்டவளின் வாயை விட்டுவிட்டு வயிற்றை மட்டும் நிரப்புவதா? கிளினிக்குக்கு முன் அவளைச் சாப்பிட வைப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

விழுங்கப் பழக்குவதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு சிங்களப் பிள்ளை இருந்தாள். "ஹெமின், அங்கிள், ஹெமின்" என்று, அவசரப்படாமல் ஆறுதலாக ஊட்டச் சொல்லித் தந்தாள். சாப்பாடு தண்ணீராகவும் இருக்கக்கூடாது, கட்டியாகவும் இருக்கக்கூடாது. கரண்டியைச் சரித்தால் வழியாமல் ஒரே குவியலாக விழவேண்டும். ஒவ்வொரு கரண்டிக்கும் தொண்டை இரண்டு தரம் ஏறி இறங்குவதை எண்ணிய பிறகுதான் அடுத்த கரண்டி. இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்கமாட்டான்.

கஞ்சி கொடுத்தேன். நாக்கால் வெளியே தள்ளினாள். பருப்பையும் பூசணிக்காயையும் மசித்துக் கொண்டுபோனால், பார்த்தவுடனேயே வாயை இறுக்கிக்கொண்டாள். ரொறன்ரோவிலிருந்து மகள் போனில் கதைத்தபோது என் அலுப்பைச் சொன்னேன்.

"அங்க குவிஞ்சு கிடக்கிற அப்பிளை அவிச்சு மசியுங்கோவன் அப்பா. இஞ்ச பிள்ளையளுக்கு முதல் குடுக்கிற சாப்பாட்டில அதும் ஒண்டு. கொஞ்சம் கறுவாவும் போடுங்கோ."

"கறுவா இறைச்சிக்கல்லோ போடுறது?"

"ஐயோ அப்பா, சொன்னதைச் செய்யுங்கோ."

தோலைச் சீவி, விதையை எடுத்து, மெல்லிய துண்டுகளாக வெட்டினேன். சட்டியில் கொஞ்சம் பட்டர் உருகியதும் துண்டுகளைப் போட்டேன். கறுவாவைத் தூளாக்கவில்லை. தூள் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ஒரு விரல் நீளப் பட்டையை முழுதாகவே போட்டு, நாலு கரண்டி தண்ணீர் விட்டு, மூடி, நெருப்பைக் குறைத்தேன். முதல் நாள் தண்ணீர் கூடிவிட்டது. ஒரு கரண்டியிலேயே இருமினாள். அவ்வளவையும் சிங்குக்குள் கொட்டினேன். அடுத்த நாள் தண்ணீரைக் குறைத்தேன். அடிப்பிடித்தது. அதற்கடுத்த நாள் சட்டியை விட்டு அசையாமல் நின்று கிளறினேன். துண்டுகள் கண்ணாடிபோல் தெளிந்து, கரண்டி பட்டதும் உடைந்தன. பட்டையை எடுத்துவிட்டு முள்ளுக்கரண்டியால் மசித்தேன். கரண்டியைச் சரித்தால் ஒரே குவியலாக விழுந்தது.

ஊட்டினேன். தொண்டை ஒருதரம் ஏறியது. நான் மூச்சை விடவில்லை. இரண்டாம் தரமும் ஏறி இறங்கியது. பிறகு அவள் என்னைப் பார்த்து, கோணிய வாயைத் திறந்து, "உப்பு" என்றாள்.

இந்த வருத்தம் வந்து படுத்தபிறகு என் சமையலைப் பற்றி அவள் சொன்ன முதல் சொல் அது. குறைதான் சொன்னாள். நான் குசினிக்கு ஓடிப்போய் ஒரு நுள்ளு உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தேன். பாத்திரம் காலியாகும்வரை வாயைத் திறந்துகொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு மற்றச் சாப்பாடுகளும் இறங்கத் தொடங்கின. அப்பிளில் நாலு கரண்டி கொடுத்து வாயைத் திறக்கவைத்து, ஐந்தாவதாகக் கஞ்சியைக் கொடுத்தால் அதையும் விழுங்கினாள். அந்தச் சிங்களப் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் டொக்டர் குழாயைப் பற்றிக் கதைக்கவே மாட்டார் என்றாள். கிளினிக்குக்கு ஒரு வாரந்தான் இருந்தது.

அந்த வாரத்தில்தான் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சாள், என் மனைவியின் ஒரே தங்கை, கோயிலிலிருந்து நேராக எங்களிடம் வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன அத்தான், சதுர்த்தியும் அதுவுமா இறைச்சிக் கறி? நான் விரதம்!"

"அப்பிள் அவிக்கிறன்."

"அப்பிளுக்கு ஆரும் பட்டை போடுவினமோ? கலியாணம் கட்டேக்க தேத்தண்ணி போடத் தெரியாத மனுசன், இப்ப பழத்துக்குத் தாளிக்கிறார். அக்கா, பாத்தியே உன்ர ஆளின்ர கெட்டித்தனத்தை!"

அறைக்குள் என் மனைவி பாதி முகத்தால் சிரித்தாள். மச்சாள் வந்தால் அவள் எப்போதும் சிரிப்பாள். மச்சாளின் கையில் வாழையிலையால் மூடிய ஒரு பெட்டி இருந்தது.

"பிள்ளையாருக்கு நேத்திக்கடன் வைச்சனான் அத்தான். அக்கா எழும்பவேணும் எண்டு நூற்றெட்டு மோதகம் படைச்சனான்."

"நல்லது. ஆனா அவவுக்கு ஒண்டும் குடுத்துப்போடாதையும்."

"அது எனக்குத் தெரியாதே? நான் என்ன சின்னப்பிள்ளையோ?"

சட்டி அடிப்பிடிக்கும் என்று குசினிக்குத் திரும்பினேன். இருமல் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். இருமல் கேட்கவில்லை. "அக்கா! அக்கா!" என்று மச்சாள் கத்தியதுதான் கேட்டது. போய்ப் பார்த்தபோது என் மனைவியின் உதடு நீலமாகிவிட்டிருந்தது. கீழ்வீட்டு முஸ்லிம் நானா சத்தம் கேட்டு ஏறி வந்து, அவளைச் சரித்துப் பிடித்து முதுகில் அடித்தார். அவளின் நெற்றியில் புதுத் திருநீறு இருந்தது. கட்டில் விரிப்பில் மோதகத்தின் மாவும் பயறும் விழுந்தன.

"நேத்திச் சாப்பாடு அவவின்ர வாயில படவேணும் அத்தான். இல்லாட்டி நேத்தி பலிக்காது. ஒரு நுள்ளுத்தான்" என்று மச்சாள் அழுதாள்.

அந்த நுள்ளில் ஒரு பகுதி நெஞ்சுக்குள் போய்விட்டது. நியூமோனியா வந்தது. கிளினிக் நாளன்று அவள் மறுபடியும் வார்டில் கிடந்தாள். மூக்கில் குழாய் போட்டார்கள். இனி வாயால் ஒரு துளியும் கொடுக்கக்கூடாது, இன்னொருமுறை இப்படி வந்தால் தாங்கமாட்டா என்று சொல்லி அனுப்பினார்கள்.

பிறகு மகள் கதைத்தாள். சுற்றிவளைத்துத்தான் தொடங்கினாள்.

"அப்பா, அண்டைக்கு அப்பிளை நல்லா மசிச்சனீங்களோ?"

"ஏன் கேக்கிறாய்?"

"இல்ல, எல்லாரும் அப்பிளாலதான் புரைக்கேறினது எண்டு கதைக்கினம். லண்டன் மாமியும் கோல் எடுத்துக் கேட்டவ."

அண்டைக்கு அந்த அப்பிள் சட்டியை விட்டு இறங்கவே இல்லை என்றேன். விரிப்பில் மாவும் பயறும் கிடந்ததைச் சொன்னேன்.

"சித்தி ஒவ்வொரு நாளும் எடுத்து அழுறா அப்பா. விடுங்கோ."

நான் விடவில்லை. அடுத்தமுறை மச்சாள் வந்தபோது கட்டிலருகிலேயே வைத்துக் கேட்டேன்: "ஆர் சொன்னது அப்பிளால எண்டு?"

அவள் திடுக்கிடவில்லை. பொய் சொல்லுகிறவளின் முகமும் அல்ல அது.

"சாமிச் சாப்பாடு புரைக்கேறுமோ அத்தான்? நான் வர முந்தி நீங்கள் ஊட்டினதுதான் தொண்டையில நிண்டிருக்கும். நான் உங்களைப் பிழை சொல்லேல்லை. தெரியாமச் செய்ததுதானே?"

காலையிலிருந்து அவளுக்கு நான் ஒன்றும் ஊட்டியிருக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். மச்சாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் மனைவி இடக்கையைத் தூக்கித் தங்கையின் தலையில் வைத்தாள். நடந்தது எல்லாம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

இப்போது நான் அவளுக்கு முன்னால் சாப்பிடுவதில்லை. குசினியில் நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொள்கிறேன். தாளிப்பதை விட்டுவிட்டேன். மணம் அறைவரைக்கும் போகும். மச்சாள் அப்படியில்லை. போன ஞாயிறு இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, அக்காவுக்குத் துணையாக இருந்து சாப்பிடுவதாகச் சொல்லிக் கட்டிலருகில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் மனைவியின் கண்கள் தட்டுக்கும் மச்சாளின் வாய்க்கும் இடையில் போய் வந்துகொண்டிருந்தன. பார்க்கப் பொறுக்காமல் எழுந்துபோய், அக்காவையும் தங்கையையும் உள்ளே விட்டு, வெளியே நின்று அறைக்கதவைச் சாத்தினேன்.