அண்ணன் போனுக்குப் போன ஓடிபி

வருமான வரி ரிட்டர்ன் போட அன்றுதான் கடைசி நாள். எனக்கு ஒரகடத்தில் மதிய ஷிஃப்ட் என்பதால் காலையிலேயே பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டேன். பையில் எல்லாம் இருந்தது. நடுவில் கம்பெனி மாறியதால் இரண்டு ஃபார்ம் பதினாறு, பேங்க் ஸ்டேட்மெண்ட், இன்சூரன்ஸ் ரசீது, மகளின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது. பழைய கம்பெனி எச்ஆர், தன் பங்கு ஃபார்ம் பதினாறை அனுப்ப என்னை அலையோ அலையென்று அலையவிட்டார். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சென்டர்காரர் பாஸ்வேர்டு கேட்டார். போன வருடம் வைத்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"வுடுமா, ஆதார் ஓடிபி வச்சி மாத்திக்கலாம்" என்று எதையோ தட்டினார். "போயிட்ச்சி பாரு, நம்பர சொல்லு."

என் போன் சும்மா கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. ஊரில் ஆதார் முகாம் போட்டபோது எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன், அண்ணனுடையது. எனக்கும் அந்த நம்பரையே கொடுத்தார்கள். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இதே கதைதான்.

வாலாஜாபாத்தில் இருக்கும் அந்த அண்ணனோடு எனக்குப் பேச்சு நின்று இரண்டு வருடம். மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைக் கீழே போட்டுவிட்டோமாம். கோபித்துக்கொண்டு வரவே இல்லை. மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை யாரோ பங்காளி மடியில் உட்கார்ந்து கத்தியது. இனி அவன் மூஞ்சியிலேயே முழிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன்.

"ஆதார்ல நம்பர இப்பவே மாத்த முடியாதா?"

"மாத்தலாம்மா. ஆனா நாளாவும். இன்னிக்கி வேல ஆவாது."

வேறு வழியில்லை. வெளியே வந்து, வல்லம் பக்கம் போகிற கம்பெனி பஸ்கள் எல்லாம் கடந்து போகும்வரை நின்றேன். அவன் எடுக்காவிட்டால் அபராதம் மட்டும்தான். எடுத்துவிட்டு, நான் என்று தெரிந்ததும் வைத்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன்.

அந்தப் பழைய நம்பருக்கே அடித்தேன். உடனே எடுத்தான். "இன்னா?"

"ஒரு ஓடிபி வந்துகீதா பாரு. இன்கம் டாக்ஸுக்கு."

"வந்துகீது. எழுதிக்கோ."

ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். உள்ளே ஓடிப்போய் நான் சொல்லச் சொல்ல சென்டர்காரர் அடித்தார். பக்கம் திறந்துகொண்டது. அதோடு போனை வைத்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"ஆதார்ல என் நம்பர மாத்திக்கிறேன். இனிமே உனுக்குத் தொந்தரவு இல்ல."

அவன் மெதுவாகச் சொன்னான்.

"நான் எப்பவோ வேற நம்பர் வாங்கிட்டேன் பாப்பா. இதுக்கு எனுக்கு ஒரு போனும் வர்றதில்ல. உனுக்கு எதுனா வந்தா இன்னா பண்றதுன்னு ரீசார்ஜ் போட்டுகினே கீறேன்."

எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவனும் அழுவான். அதட்டலாகவே சொன்னேன்.

"சரி, மாத்தல. நீ ரீசார்ஜ் போடு."