1980க்குப் போன கணினி

1998-ல், கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படித்த மகளின் புத்தகத்தைப் பார்த்து, பெர்ல் என்ற கணினி மொழியை நானும் கற்றுக்கொண்டேன். நிரம்பிக் கிடந்த எங்கள் கணினியில், ஒரு வருடத்துக்கும் மேல் பழசான கோப்புகளை அழிக்க ஒரு சிறிய நிரல் எழுதினேன். அவள் கல்லூரிக்குப் போனதும் அதை ஓட்டினேன். அடுத்த வாரம் அவள் ஒப்படைக்க வேண்டிய புராஜெக்ட் முழுவதும் அழிந்துபோனது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ராஜபாளையத்தில் கரண்ட் போகும்போதெல்லாம், பேட்டரி செத்த அந்தக் கணினியின் தேதி 1980க்குப் போய்விடும். அவள் எழுதியதெல்லாம் அந்தத் தேதியிலேயே பதிவாகியிருந்தது; நானோ தேதியைச் சரிசெய்துவிட்டு நிரலை ஓட்டியதால், முந்தின நாள் எழுதியதும் அதற்குப் பதினெட்டு வருடப் பழசு.

மாலையில் கல்லூரி பஸ் நிற்கும் இடத்துக்கே ஓடினேன். இறங்கியவளிடம் திக்கித் திணறிச் சொன்னேன்.

"இதுக்கா இம்புட்டு வேர்த்துக் கொட்டுது?" என்று சிரித்தாள். "நீ அந்தப் புஸ்தகத்தை எடுத்த அன்னைக்கே பிளாப்பியில காப்பி எடுக்க ஆரம்பிச்சுட்டேம்மா."

"ஏட்டி, என் மேல அம்புட்டு நம்பிக்கையா?"

"அம்புட்டுதான்!"

நடுரோடு என்றும் பாராமல் அவளைக் கட்டிக்கொண்டேன். இன்றும் ஒரு கோப்பை அழிக்கும் முன் அதன் தேதியை இரண்டு முறை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பயப்படும் வேலை எனக்கு மட்டும்தான் என்று அன்றுவரை நினைத்திருந்தேன். சத்தமில்லாமல் அவளும் அதில் பாதியைச் சுமந்துகொண்டிருந்தாள்.