துவக்கு இருக்கிற வீடு

தங்கச்சியும் அவளுடைய பத்து வயது மகளும் கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலிருந்து எங்களிடம் பலேர்மோவுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அது நடந்தது. மத்தியானம் நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஒழுங்கையில் யாருக்கோ பிறந்தநாள். இந்த ஊராருக்குப் பட்டப்பகலில் வெடி கொளுத்த ஒரு சாட்டுப் போதும். படபடவென்று வெடித்ததும் பிள்ளை ஓடிவந்து குசினி லைட்டை அணைத்தாள். என் சட்டையைப் பிடித்து மேசைக்குக் கீழே இழுத்தாள்.

“என்னடி செல்லம், வெடி தானே!” என்றேன்.

“ஷ்ஷ்! கதைக்காதேங்கோ பெரியம்மா. சத்தம் கேட்டா அவன் வந்திடுவான்.”

அடுப்பில் எண்ணெய் புகைகிறது, நான் மேசைக்குக் கீழே. குளித்துவிட்டு வந்த தங்கச்சி குனிந்து பார்த்து, “முடிஞ்சுது, வெளியிலை வா” என்றாள். சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு அதுதான் கூடப் பயமாக இருந்தது.

துவக்கோடு ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் வந்தால் என்ன செய்வது என்று அமெரிக்காவில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்களாம். அவர்களுடைய பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உண்மையாகவே நடந்துவிட்டதாம். மன்னாரில் சண்டைக் காலத்தில் நாங்களும் பங்கருக்குள் கிடந்து வளர்ந்த பிள்ளைகள்தான். ஆனால் அங்கே தொண்டை கிழியச் செபமாலை சொன்னோம், அழுதோம், எங்களுக்குள் அடிபட்டோம். குண்டு போடுகிற பொம்பருக்குக் காது கிடையாது. இவளோ வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

அன்று பின்னேரமே தங்கச்சியின் புருஷன் வீடியோவில் வந்தார். அங்கே பெற்றோல் செற்றில் கடை நடத்துகிறார். ஒருமுறை கள்ளன் நெற்றியில் துவக்கு வைத்துக் காசைப் பறித்துப் போனதிலிருந்து தானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். நான் சும்மா இருப்பேனா? பிள்ளை மேசைக்குக் கீழே புகுந்த கதையைச் சொல்லி, “உந்தச் சாமான் எல்லாற்றை கையிலையும் இருந்தா வேறை என்ன நடக்கும்?” என்று கேட்டுவிட்டேன்.

“அக்கா, துவக்கு தானா எழும்பிப்போய்ச் சுடுமோ? விசர் பிடிச்சவங்கள் தான் சுடுறாங்கள். அவங்களைப் பிடிச்சு அடைச்சாச் சரி. என்னை மாதிரி ஆக்களிட்டை இருந்தா என்ன பயம்?”

“எங்கடை ஊரிலை விசரன் எண்டு சனம் கல்லெறிஞ்ச மனிசன் ஒரு கோழிக்குஞ்சைக்கூட மிதிச்சதில்லை, தம்பி. துவக்கோடை வந்தவங்கள் எல்லாரும் நல்ல தெளிவோடை தான் வந்தவங்கள்!”

என் புருஷன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். தங்கச்சியின் புருஷன் சிரித்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. கடை வேலை, பாவம், என்று நினைத்தேன். தங்கச்சி போன் பக்கம் திரும்பாமல் ஏற்கெனவே மடித்த துணிகளையே திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையை இங்கேயே மறித்துவிடுவது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் பள்ளிக்கூடம் பற்றி விசாரித்தேன். பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே தங்குகிற அனுமதி, எடுக்க எங்கே போவது, யாரைப் பிடிப்பது என்றும் கேட்டு வைத்தேன். தங்கச்சி முதலில் அழுதாள். பிறகு, “அவள் ஓமெண்டால் விடுறன்” என்றாள். என்னைப் பெரியம்மா பெரியம்மா என்று சுற்றுகிற பிள்ளை, ஓமென்னாமல் என்ன செய்யும் என்று எனக்கு ஒரே புளுகமும் சந்தோஷமும்.

துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாப்போலிக் கப்பலைக் காட்டி, எலுமிச்சங்காய் கிரனீத்தா ஐஸ் வாங்கிக் கொடுத்து, நைஸாகக் கேட்டேன். “இஞ்சை பள்ளிக்கூடத்திலை அந்த ஒளிக்கிற வேலையெல்லாம் இல்லை. பெரியம்மாவோடை நிக்கிறியா?”

கரண்டியை வாயில் வைத்தபடி யோசித்தாள். “ஸ்கூல்ல கொஞ்சம் தான் பயம். டீச்சர் இருக்கிறா, கதவுக்குப் பூட்டு இருக்கு. நான் இஞ்சை நிண்டா அப்பாவை ஆர் பாக்கிறது?”

“அப்பாவுக்கு என்ன?”

“நித்திரை கொள்ளமாட்டார். அம்மா நைட் வேலைக்குப் போனதும் குசினியிலை இருப்பார். துவக்கு மேசையிலை இருக்கும். சும்மா அதையே பாத்துக்கொண்டு இருப்பார். நான் தண்ணி விடாய்க்குது எண்டு போவன். உடனே அதை மேசை லாச்சிக்குள்ளை வைச்சுப்போட்டு, தண்ணி தந்து, என்னைப் படுக்க வைப்பார்.” கொஞ்சம் பொறுத்து, “எனக்கு ஒவ்வொரு நாளும் விடாய்க்கும்” என்றாள்.

ஐயோ, என் ஆண்டவரே! வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்றே தெரியாது.

தங்கச்சிக்குப் புருஷன் நித்திரை கொள்ளாதது தெரியும். தண்ணிக் கதை தெரியாது. கேட்டதும் நிலத்தில் இருந்துவிட்டாள். டொக்டர் மருந்து எழுதிக் கொடுத்தாராம். “எடுத்தா என்னையும் விசரன் எண்டு பதிஞ்சுபோடுவாங்கள்” என்று அதைத் தொடவே மாட்டாராம். அங்கே விடிந்திருக்கும், கடையில் நிற்பார் என்று நானே போன் அடித்தேன். வாய்க்கு வந்தபடி பேசத்தான் எடுத்தேன். குரலைக் கேட்டதும் எல்லாம் போய்விட்டது.

“தம்பி, ராத்திரி நித்திரை கொண்டனீரோ?”

“இல்லை அக்கா.”

“உமக்கு வருத்தம். வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறதிலை ஒரு வெக்கமும் இல்லை. முதல்லை அந்தச் சாமானை இண்டைக்கே வீட்டை விட்டு அனுப்பும்.”

“அது ஒரு காவலுக்கு, அக்கா...”

“ஆரைக் காவல் காக்குது? பிள்ளை ஒவ்வொரு நாளும் எழும்பி வந்து தண்ணி கேக்கிறது ஏனெண்டு நினைச்சனீர்?”

அவர் அழுத அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை. கடைக்கு வந்த யாருக்கோ இங்கிலிஷில் பொறுக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் அழுதார். அன்றைக்கே ஒரு சிநேகிதர் வந்து துவக்கை எடுத்துக்கொண்டு போனார். தங்கச்சி அந்தச் சிநேகிதரின் மனைவியிடம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டாள். தங்கச்சியின் புருஷன் டொக்டரிடமும் போனார். மருந்து எடுக்கத் தொடங்கினார். விடுமுறை முடிய, தங்கச்சியும் மகளும் பயணமானார்கள். நான் மறிக்கவில்லை. என்ன சொல்லி மறிக்கிறது?

இப்போது வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அங்கே காலை. தினமும் எடுத்து அவரோடு இரண்டு வார்த்தை கதைப்பேன். போன சனிக்கிழமை பிள்ளைதான் போனை எடுத்தாள்.

“அப்பா எங்கை?”

“நித்திரை, பெரியம்மா.”

“இன்னுமோ?”

“ஓம். நான் எழும்பிக் கனநேரம். அவர் இன்னும் எழும்பேல்லை.”

மனிசன் நித்திரை கொள்ள வேண்டும் என்று நேர்த்தி வைத்தவள் நான். ஓடிப்போய் மூச்சு வருகுதோ பார் என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன்.

“சரி செல்லம், நீ போய் விளையாடு. போனை அம்மாட்டைக் குடு” என்றேன்.