கேம்பல் பேயில் ஒரு நீல லாரியைத் தேடி

பழைய ராணுவ லாரியை வந்து பார்க்கும்படி யாராவது கூப்பிட்டால், நான் கேட்கும் முதல் கேள்வி "எங்கே நிற்கிறது?" என்பதுதான். ஓசூர், பெங்களூர் என்று பதில் வரும். போன பிப்ரவரியில் வந்த பதில், கேம்பல் பே. கிரேட் நிகோபார் தீவு. சென்னையைவிட இந்தோனேசியா பக்கம். ஆசை யாரை விட்டது, கிளம்பிவிட்டேன். ஆனால் இதை எழுத உட்காரவே மூன்று மாதமாகிவிட்டது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியைப் புதுப்பிக்கும் முன், அது உண்மையில் எந்த வண்டி, எதை வெட்டி எதை ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வேன். கூப்பிட்டவர்கள் அங்கே குடியேறிய முன்னாள் ராணுவத்தினர். வண்டி ஒரு சக்திமான், ராணுவத்தின் மூக்கு நீண்ட மூன்று டன் லாரி. அதை ஏலத்தில் எடுத்து ஓட்டியவர் வேலூர்ப் பக்கத்து ஏழுமலை. 2004 டிசம்பர் 26 காலையில் நிலம் ஆடியதும் லாரியை எடுத்துக்கொண்டு கரையோர வீடுகளுக்குப் போனார். ஒரு நடை ஆட்களை ஏற்றி மேட்டில் இறக்கினார். இரண்டாவது நடை போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. லாரியைப் புதுப்பித்து அவர் பெயரில் மேடையில் நிறுத்தப்போகிறார்கள். அதற்குமுன் அது அவருடைய லாரிதானா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியாயிற்று, ஆட்டோக்காரர்கள் வாயில் இன்னும் மாறவில்லை. கப்பல் டிக்கெட்டுக்காக அபர்டீன் பஜாரில் இரண்டு நாள் காத்திருந்தேன். அங்கே ஆட்டோ ஓட்டும் ஒரு தமிழரிடம், கப்பல் சரியாக நாலு மணிக்குக் கிளம்பிவிடுமா என்று கேட்டேன்.

"டைம் என்னா டைம் அண்ணே! மௌசம் டீக் இருந்தா கப்பல் போவும். இல்லன்னா இங்கியே பிரியாணி சாப்டுங்க" என்றார்.

மௌசம் என்றால் வானிலை, டீக் என்றால் சரி. வானிலை மனது வைத்தது. மாலை ஆறேகாலுக்குக் கிளம்பி, சுமார் 540 கிலோமீட்டர் கடந்து, மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் கேம்பல் பேயில் இறங்கினேன். வழியில் இரண்டு முறை வாந்தி. லாட்ஜில் அறை நாளுக்கு 900 ரூபாய், ஜீப் போகவர 1,200. தீவின் கிழக்குக் கரைச் சாலையில் பதினைந்தாவது கிலோமீட்டரில் ஏழுமலையின் மனைவி மங்கையம்மா வீடு. எழுபதைத் தாண்டியவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் லாரி.

ஸ்டீரிங்கில் செம்பருத்தி மாலை. கால் வைக்கும் இடத்தில் காய்ந்த தேங்காய் மூடி. உடல் கிடைக்காத மனிதருக்கு இருபது வருடமாக இங்கேதான் திதி நடக்கிறது.

"ரிலீஃப் கேம்ப்ல இருந்து நான் திரும்பி வர்றதுக்குள்ள யாரோ டேக்கேதார் இத்த சரிபண்ணி, சிமென்ட் லோடு அடிச்சிக்கினு இருந்தான்" என்றார் மங்கையம்மா. டேக்கேதார் என்றால் காண்டிராக்டர். "பின்னாடி படி இருக்கு பாரு, நாலு கம்பி. ஆளுங்க ஏறட்டும்னு அவுரு கையால வச்சது. அத்தப் பாத்துத்தான் ஏழுமலை வண்டின்னு எல்லாரும் சொன்னாங்க. அப்புறமா அவன் இங்கியே வுட்டுட்டுப் போய்ட்டான். அவுரு நீலம் அடிச்சிருந்தாரு, தம்பி. பக்கா நீலம். நம்ம ஊரு டவுன் பஸ் மாதிரி."

இப்போது வண்டி முழுக்கக் காவி நிறம். இப்படிப்பட்ட வண்டியில் நான் முதலில் செய்வது, கதவின் உள்பக்கம் உள்ளங்கை அளவுக்குப் பெயின்டை உப்புத்தாளால் தேய்ப்பது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு நிறமும் வளையம் வளையமாக வெளியே வரும். தேய்த்தேன். காவி, அதன் கீழ் மஞ்சள், அதன் கீழ் ராணுவப் பச்சை.

"நீலமே இல்லையேம்மா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் பையன்களிடம் சொல்கிற அதே உற்சாகத்தோடு. கையில் தேநீரோடு வந்தவர் அப்படியே நின்றார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்புறம் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன். பின்பெட்டியில் நாலு இடத்தில் தேய்த்தேன். காவிக்குக் கீழே நீலம், நல்ல தடிமனான நீலம், அதன் கீழ் பச்சை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கேபினுக்குப் பின்னால் சேசிஸை, அதாவது வண்டி மொத்தமும் உட்காரும் இரும்புச் சட்டத்தை, குறுக்கே அறுத்துப் பட்டை வைத்து வெல்டு அடித்திருந்தார்கள். இரண்டு உடைந்த லாரிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். முன்பாதியில் இருந்த நம்பரைத் துலக்கி, மங்கையம்மா வைத்திருந்த ஏலக் காகிதத்தின் நகலோடு ஒப்பிட்டேன். ஒரு எழுத்துகூடச் சேரவில்லை.

என்ன சொல்வது? இருபது வருடம் மாலை போட்ட ஸ்டீரிங்கை அவர் கணவர் தொட்டதே இல்லை என்றா? சொல்லாமலும் இருக்க முடியாது, அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். உட்காரச் சொல்லி, மெதுவாகச் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் பின்னால் இருந்த படிக் கம்பியில் கை வைத்தார்.

"பின்னாடி அவுருதுதானே?"

"ஆமாம்மா. அதில் சந்தேகமே இல்லை."

"ஜனங்கள ஏத்திக்கினு போனது பின்னாடிதானே. அது போதும்" என்றவர், "முன்னாடி ஓட்டினவரு யாரு? இருக்காரா?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். எங்கே உடைந்து, எங்கே கிடந்த வண்டியோ.

"இருவது வருஷமா அந்த மனுசன இவுரு பேரு சொல்லிக் கூப்ட்டுக்கினு இருந்திருக்கேனே, தம்பி" என்றார். அப்போதுதான் அழுதார். நானும்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். திரும்பும் கப்பலுக்குக் குறைந்தது ஐந்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். அனுமதி விதிகளைப் போர்ட் பிளேரிலேயே கேட்டுவிடுங்கள், மாறிக்கொண்டே இருக்கின்றன. என்னைப் போல் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள், வீட்டார் பூ வைக்கும் இடத்தில் மட்டும் முதலில் கை வைக்காதீர்கள்.

லாரி மேடை ஏறப்போகிறது. முழுக்க ராணுவப் பச்சை அடிக்கலாம் என்பதுதான் என்னைக் கூப்பிட்ட முன்னாள் ராணுவத்தினரின் திட்டம். மங்கையம்மா ஒத்துக்கொள்ளவில்லை. என்னை ஜீப்பில் ஏற்றிவிட வந்தபோது சொன்னார்: "பின்னாடி நீலம் அடிக்கச் சொல்லிட்டேன். முன்னாடி மஞ்சள். அந்த மனுசன் வூட்ல யாராச்சும் தேடிக்கினு வந்தா அடையாளம் தெரிய வேணாமா?"

உங்களுக்குத் தெரிந்த யாராவது அந்தத் தீவுகளில் மஞ்சள் சக்திமான் ஓட்டியிருந்தால், அலைக்குப் பிறகு அவர் வீடு திரும்பாமல் போயிருந்தால், அவர் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். கேம்பல் பே, கிழக்குக் கரைச் சாலை, பதினைந்தாவது கிலோமீட்டர். அவருக்கும் அங்கே வருடம் தவறாமல் திதி நடந்திருக்கிறது.