சோடியத்துக்குக் கீழ்க் கட்டம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே, மற்ற வீடுகளில் வேத வசனம் எழுதிய காலண்டர் தொங்குகிற இடத்தில், தனிம அட்டவணை தொங்குகிறது. என் மனைவி அதியன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். சாயங்காலம் அதே மேசையில் டியூஷன். பிள்ளைகள் எழுந்து போனதும் நான் உட்கார்ந்து கஞ்சி குடிப்பேன். கல்யாணமான காலம் முதல் அந்தப் படத்துக்குக் கீழேதான் தின்கிறேன். ஒரு கட்டத்தைக்கூட நின்று வாசித்தது கிடையாது. எனக்கு டயர் தெரியும். பாறசாலையில் ரோட்டோரம் டயர்க் கடை வைத்திருப்பவனுக்கு அது போதும் என்று இருந்தேன்.

எனக்குப் பிரஷர் கூடியது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, உப்பைக் குறைக்கச் சொன்னார். உப்பில்லாத மீன்குழம்பைத் தின்பதற்குப் பட்டினி கிடக்கலாம். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், பிறகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் கடைகடையாகத் தேடி, சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள்.

"இதில பாதி பொட்டாசியமாக்கும்" என்று, டியூஷன் பிரம்பை எடுத்து அட்டவணையின் இடது ஓரத்தைத் தட்டினாள். "இஞ்ச பாருங்க. இது சோடியம். அதுக்க நேரே கீழ பொட்டாசியம். ஒரே நெட்டு வரிசை, ஒரே குடும்பம். ரெண்டும் குளோரினோட சேந்தா உப்புதான். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது."

நாக்குக்குத் தெரிந்தது. லேசாக ஒரு கைப்பு. நன்றாக உப்பு பிடிக்கவும் இல்லை. சும்மா விடுவேனா, இன்னொரு ஸ்பூன் அள்ளிக் கஞ்சியில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அது சோடியம் இல்லல்லா, போட்டா போட்டுக்கிடுங்க" என்றாள். படித்தவள் சொல்கிறாள். தாராளமாகப் போட்டுக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்து எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. வீட்டில் விளைந்ததை ஆளாளுக்குக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் அதை ஏலம் விடுவார்கள். அங்கே சந்தை விலை பேசக்கூடாது, கர்த்தருக்குக் கொடுப்பதுதானே. ஆனால் ஏலம் சூடு பிடித்துவிட்டால் கர்த்தரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு வீம்பு முன்னால் வந்துவிடும். அந்த வருஷம் ஒரு ஏத்தங்குலை வந்தது. அப்படியொரு நேந்திர வாழைக் குலையை நான் கண்டதில்லை. என் கடைக்கு எதிரே சிமெண்டுக் கடை வைத்திருப்பவர் விலை சொன்னார். நான் கூட்டினேன். அவரும் கூட்டினார்.

"ஓய், உமக்க கடையில காத்து அடிச்ச காசுதானே, விட்டுக்குடும்!" என்று அவர் அங்கிருந்தே ஒரு கிண்டல் விட்டார்.

சபையே சிரித்தது. எனக்கு வீம்பு உச்சியில் ஏறிவிட்டது. குலை என் தோளில் வீட்டுக்கு வந்தது.

மகன் கல்ஃபில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளுக்கு ஏத்தம்பழம் வாயு. குலையோ ஒரேயடியாகப் பழுத்துத் தொலைத்தது. அக்கம்பக்கத்துக்குக் கொடுத்திருக்கலாம். அவ்வளவு மல்லுக்கட்டி எடுத்ததை ஊருக்கு வாரிக் கொடுத்தால் சிமெண்டுக் கடைக்காரர் என்ன சொல்வார்? காலையில் புட்டோடு பழம், மத்தியானம் அவித்த பழம், கடையில் பசித்தால் பழம். வெயிலுக்குக் கருக்கு வெட்டி இளநீர். பிரஷருக்கு ரொம்ப நல்லது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

பிறகு கால் கனக்க ஆரம்பித்தது. ஜாக்கியை அழுத்த முடியவில்லை. வயசாகிவிட்டது என்றேன். நெஞ்சுக்குள் என்னமோ இடைக்கிடை தடுக்கியது. வாயு என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில், ஆசீர்வாதத்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். நான் முன் பெஞ்சைப் பிடித்து உந்திப் பார்த்தேன். கால் வரவில்லை. ஐயோ ஆண்டவரே, இது வாயு இல்லை என்று அப்போதுதான் பயம் வந்தது. பெண்கள் பக்கமிருந்து அவள் ஓடி வந்தாள். சிமெண்டுக் கடைக்காரர்தான் என்னைத் தூக்கித் தன் காரில் போட்டு நெய்யாற்றின்கரைக்கு விரட்டினார். "ஒண்ணுமில்ல ஓய், கண்ணத் தொறந்து வையும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். குரல் நடுங்கியது. அதைக் கேட்டு எனக்கு இன்னும் பயம் கூடியது.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்த இளம் டாக்டரம்மா அந்தக் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோடுகள் கூடாரம் கட்டினது போல் கூர்கூராக நின்றன. ரத்தமும் எடுத்தார்கள். பொட்டாசியம் ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது, இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று மறைக்காமல் சொன்னார்.

"அங்கிளே, எந்தொக்கெயா திவசவும் கழிக்குந்நது?"

தினமும் தின்பதைக் கேட்கிறார். ஏத்தம்பழம், கருக்கு, மரச்சீனிக் கிழங்கு என்று சொல்லிவிட்டு, "பின்னெ அந்த உப்பும் உண்டு" என்றேன். எந்த உப்பு என்று கேட்டதற்குக் கூட நின்ற என் மனைவி பதில் சொன்னாள். சொல்லும்போதே முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. நான் தின்கிற பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியே போகவிடாத ஜாதியாம். கிட்னியும் கொஞ்சம் மந்தமாம். உப்பு, குலை, மாத்திரை மூன்றும் கூட்டணி போட்டிருக்கின்றன.

இதயத்துக்குக் காவலாகக் கால்சியம் ஊசி போட்டார்கள். பிறகு குளுக்கோஸோடு இன்சுலின் ஏற்றினார்கள். அது பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள்ளே தள்ளிவிடுமாம். கட்டில் பக்கத்தில் அவள் உட்கார்ந்து, தனக்குத்தானே சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"வருஷா வருஷம் நான்தானே காட்டிக்குடுக்கேன். தண்ணியில சோடியத்தப் போட்டா இரைஞ்சுகிட்டு ஓடும். பொட்டாசியத்தப் போட்டா ஊதா நிறத்துல தீப்பிடிக்கும். கீழ போகப்போக அணு பெருசாகும், வெளிய இருக்க எலக்ட்ரானுக்குப் பிடி விடும், வேகம் கூடும். அந்தப் பெருசு சிறுசு பாத்துத்தான் உடம்பும் ரெண்டையும் தரம்பிரிக்கும். சோடியம் செல்லுக்கு வெளிய, பொட்டாசியம் உள்ள. ஒரே குடும்பம், குணம் மாறிக்கிட்டே போகும்னு போர்டுல எழுதிப்போட்டுட்டு, வீட்டுக்கு வந்து ரெண்டும் ஒண்ணுதான்னு உங்கள அள்ளிப் போட விட்டேனே!"

நான் செத்தால் இவள் மீதி ஆயுசுக்கும் அந்த அட்டவணையைப் பார்க்கமாட்டாள் என்று பட்டது. அது எனக்குச் சாவை விடப் பெரிய பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"எட்டி, குலையையும் நீயா ஏலம் எடுத்த?"

அழுதுகொண்டிருந்தவள் பக்கென்று சிரித்துவிட்டாள். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் சாய்வதற்குள் மறுபடியும் இ.சி.ஜி. எடுத்தார்கள். கூடாரங்கள் படுத்திருந்தன. "பேடிக்கண்டா, குறஞ்ஞு" என்றார் டாக்டரம்மா. பயப்பட வேண்டாம், குறைந்துவிட்டதாம். போர்வைக்குள் முழங்காலை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது! அப்பாடா என்று வந்த அந்த மூச்சை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது. வெளியே காத்திருந்த சிமெண்டுக் கடைக்காரர் தேயிலைத் தண்ணி டம்ளரோடு உள்ளே வந்து, ஆள் பிழைத்துவிட்டது என்று தெரிந்ததும் பழைய ஆளாகிவிட்டார்.

"குலையில மிச்சம் உண்டா ஓய்?"

மாத்திரையை மாற்றினார்கள். இப்போது எங்கள் வீட்டில் சாதாரண உப்புதான், கிள்ளிப் போடுகிற அளவு. அந்த மீன்குழம்பைக் குறை சொல்ல வாய் திறக்காமல் தின்கிறேன். தின்னும்போது தலையைத் தூக்கி அந்த இடது ஓரத்தை மேலிருந்து கீழே வாசிக்கிறேன். பொட்டாசியத்துக்குக் கீழே ருபீடியம், அதற்கும் கீழே சீசியம், இன்னும் முரட்டுப் பயல்களாம். நல்ல வேளை, அவற்றை இவள் பாக்கெட்டில் வாங்கி வரவில்லை.

இந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கும் ஒரு ஏத்தங்குலை வந்தது. ஆராதனையில் ஆசீர்வாதத்துக்கு நான் எவரையும் பிடிக்காமல் எழுந்து நின்றுவிட்டுத்தான் முற்றத்துக்கு வந்திருந்தேன். சிமெண்டுக் கடைக்காரர் ஒரு விலை சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. பக்கத்தில் நின்றவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் ஒண்ணும் கூட்டமாட்டேன் பிள்ளே, கைய விடு" என்றேன்.

"அதுக்கில்ல" என்றாள். விரல் நாடியில் இருந்தது. "ஒழுங்காத்தான் அடிக்கு."

ஏலம் முடிந்து ஆட்கள் கலைகிற வரைக்கும் அவள் விரலை எடுக்கவில்லை.