வெள்ளவத்தையில் இருந்த கட்டார்

நான் கட்டாருக்குப் போனது ஒரு தடவைதான். ஆனால் என் மகளிடம் கேட்டால் அவள் சொல்லும் நாள் வேறு, கடவுச்சீட்டில் குத்தியிருக்கிற நாள் வேறு. அந்த இரண்டு நாளுக்கும் நடுவில் நான் வெள்ளவத்தையில் இருந்தேன். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், அக்கா வீட்டு மூன்றாம் மாடியில்.

என்னைப் பற்றி முதலே சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லாதபடியால் சீக்கிரம் முடிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறவன், வீடும் அங்கேதான். பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகப் படித்தது மணி அடிக்கிற சத்தத்தை மட்டும்தான். வாயால் நான் சொன்ன எதையும் ஒருவரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இரண்டு தகட்டையும் எடுத்துக் கல்லில் அடிக்கத் தொடங்கினால் மட்டும் சந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கும். சாமான் விலை ஏறின பிறகு அந்தச் சந்தியிலும் சனம் குறைந்துபோனது. ஒருநாள் முதலாளி, கடையை இனிப் பகலில் மட்டும் திறக்கலாமா என்று யோசிக்கிறேன் என்றார். கொத்துப் போடுகிறவனுக்குப் பகலில் என்ன வேலை? அடுத்த கிழமையே ஏஜென்சிக்காரனிடம் போனேன். கட்டாரில் தொழிலாளர் தங்குகிற இடத்துக் குசினியில் சமையல் வேலை, இரண்டு வருடம், நடுவில் லீவு இல்லை என்றான். மெடிக்கலில் டொக்டர் என் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு நல்ல உடம்பு என்றார். என் வாழ்க்கையில் நான் பாஸ் பண்ணின ஒரே சோதனை அது.

விமான நாள் குறித்து வந்ததும் அக்கா கலண்டரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு எனக்குச் சந்திராட்டமமாம். சந்திரன் எனக்கு எட்டாம் வீட்டில் நிற்கிறாராம். வாடகை வீட்டில் இருக்கிறவனுக்கு எட்டு வீடு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. கோயில் ஐயருக்குப் போன் பண்ணினாள். அவர் வழக்கமாகச் சொல்கிற வழியைச் சொன்னார்: விமானம் தன்பாட்டில் அந்த நாளிலேயே போகட்டும். இரண்டு நாள் முந்தி, நல்ல நேரத்தில் பெட்டியோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டு வேறொரு வீட்டில் தங்கிவிட வேண்டும். அப்படி வெளிக்கிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஒரேயொரு கட்டுப்பாடு, திரும்பி வீட்டுப் படி மிதிக்கக் கூடாது.

"படி மிதிச்சியெண்டா எல்லாம் பாழ் தம்பி," என்றாள் அக்கா. "பிறகு ரெண்டு வருசமும் வில்லங்கம்தான்."

எங்கள் ஆட்களில் பலர் இப்படிச் செய்கிறவர்கள்தான். லண்டனுக்குப் போகிறவன் முதலில் பக்கத்துத் தெகிவளைக்குப் போவான். எனக்கும் அது சாதாரண விஷயமாகத்தான் பட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப் படும் என்று கலண்டரிலும் போட்டிருக்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

வெளிக்கிட்ட காலை எங்கள் ஒழுங்கையே வாசலில் நின்றது. தேங்காய் உடைத்தோம். ஓட்டோச் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்தோம். முதலாளி வந்து தோளில் தட்டினார். மனைவி அழுதாள். மகள் என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். நான் போகப்போவது வெள்ளவத்தைக்கு, பஸ் பிடித்தால் போய்விடலாம், அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டும் அழுதேன். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் காலை எடுத்தேன். ஓட்டோ நகர்ந்தபோது தேசிக்காய் நசுங்குகிற சத்தத்தை விட அவளுடைய சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். பார்க்கவில்லை. சொன்னதைக் கேட்கிற பழக்கம் எனக்கு அன்றைக்கென்றுதான் வந்தது.

திட்டம் என்னவென்றால், அன்று பின்னேரமே மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வருவாள், பிறகு எல்லாருமாக எயார்போட் போவோம். பின்னேரம் மனைவியின் போன்தான் வந்தது. பிள்ளை அழுது அழுது காய்ச்சல் வந்துவிட்டதாம். விமானம் எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு என்று விடாமல் கேட்டாளாம். மனைவி பொறுக்க முடியாமல், விமானம் போய்விட்டது என்று சொல்லிவிட்டாளாம்.

"போயிட்டார் எண்ட உடன நிப்பாட்டிட்டாள்," என்றாள். "போகப்போறார் எண்டேக்கதான் அழுதவள். இப்ப பாணும் சம்பலும் சாப்பிட்டிட்டுப் படுத்திருக்கிறாள். இஞ்சேருங்கோ, இனி எயார்போட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரேல்ல. இப்பிடியே விடுவம்."

இரண்டு நாள்தானே என்று நானும் விட்டேன். அடுத்த நாள் ஏஜென்சிக்காரன் போன் பண்ணினான். அங்கே ஏதோ பேப்பர் வரவில்லையாம், விமானம் தள்ளிப்போகிறதாம். எப்போது என்று கேட்டேன். இன்றைக்கு வரலாம், அடுத்த கிழமையும் வரலாம் என்றான். நாலு நாளில் சந்திரன் தன்பாட்டில் ஒன்பதாம் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் என் வீட்டுக்குப் போக முடியவில்லை.

அக்கா வீட்டில் என் நிலைமையைச் சொன்னால் கேவலம். பெட்டியை நிறை பார்த்து, மிளகாய்த்தூள் பக்கற்றுகளை இடுக்கில் நெரித்துப் பூட்டியிருந்தோம். திறந்தால் திரும்ப மூட ஏலாது. அதனால் அத்தானுடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு, அத்தானுடைய சேட்டைப் போட்டுக்கொண்டு இருந்தேன். வீட்டில் அத்தான் மாதிரி இரண்டு பேர். அதில் சம்பளம் இல்லாத அத்தான் நான். அக்கா குசினிக்குள்ளும் விடமாட்டாள். பயணக்காரன் அடுப்படியில் நிற்கக் கூடாதாம். பகல் முழுக்கக் கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போகிறதையும் வருகிறதையும் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பின்னேரம் மகளோடு வீடியோவில் கதைக்க வேண்டும். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது. கட்டாரில் இன்னும் வெயில் இருக்கும் என்று மனைவி பிள்ளைக்குச் சொல்லிவிட்டாள். வெள்ளவத்தையில் இருட்டிக்கொண்டு வரும். யன்னலைக் காட்ட முடியாது, மண்டபத்தில் சாமிப் படம், சுவரில் அக்காவின் கலியாணப் படம். வெளிச்சமாகவும் அடையாளம் இல்லாமலும் இருந்த ஒரே இடம் குளியலறை. வெள்ளை மாபிள், வெள்ளை லைற். கொமட் மூடியில் உட்கார்ந்து நான் கட்டாரில் இருந்து கதைத்தேன். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் அப்பா எங்கே என்று கேட்டபோது மகள், அப்பா வெளிநாட்டில் பாத்ரூமில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். மனைவி இதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒருநாள் கதைத்துக்கொண்டிருக்கும்போது கீழே ஒழுங்கைக்குள் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. நான் போனைப் பொத்தினேன். அதற்குள் கேட்டுவிட்டாள்.

"அப்பா, அங்கயும் பாண் ஓட்டோ வருமோ?"

"வரும் குஞ்சு."

"அதே பாட்டோ?"

"அதே பாட்டுத்தான்."

அவளுக்குச் சந்தோஷம். அப்படியென்றால் கட்டார் அவ்வளவு மோசமான இடம் இல்லை என்று முடிவுகட்டிவிட்டாள். சீனி தூவின பனிஸ் வாங்கிச் சாப்பிடச் சொன்னாள்.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன், நான் வந்து ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகிறேன், வாசலிலேயே நிற்கிறேன், படி மிதிக்கமாட்டேன். இரண்டு வருடம் என்பது ஆறு வயதில் எவ்வளவு பெரியது என்று எனக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் பெரியது என்று தெரியும். நான் நேரில் கடைசியாகப் பார்த்தது மகளுடைய உச்சந்தலையை மட்டும்தான். அவள் காலைக் கட்டிக்கொண்டு குனிந்திருந்தாள், முகம் தெரியவில்லை. அந்த முகத்தை நேரில் ஒருக்கால் பார்க்காமல் விமானம் ஏறினால் நான் அங்கே போய் உப்பையும் சீனியையும் மாற்றிப் போடுவேன்.

மனைவி பிள்ளைக்குக் கேட்காமல் குசினிக்குள் போய்க் கதைத்தாள்.

"வந்து நிண்டீங்களெண்டா அவள் இன்னொருக்கா முழுசா அழவேணும்," என்றாள். "அழவைச்சிட்டு நீங்கள் போயிடுவீங்கள். பக்கத்தில கிடந்து பாக்கிறது நான். என்னால ரெண்டாந்தரம் ஏலாதப்பா."

அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க இரவு முழுக்க முயற்சி பண்ணினேன். கிடைக்கவில்லை.

ஆனால் அடுத்த நாள் அத்தானின் தொப்பியைப் போட்டு, கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். தூரத்தில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவதுதான் எண்ணம். கள்ளன் மாதிரி வெளிக்கிட்டாலும் கள்ளனுக்குள்ள மூளை எனக்கு இல்லை. ஊரில் எல்லாரையும் விட்டுவிட்டு, எனக்கு நாள்தோறும் தேத்தண்ணீர் தருகிற நானாவின் கடை வாசலில் போய் நின்றேன். நானா எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி, போன கையோட வந்துட்டிங்களா?"

மாஸ்க்கைப் பார்த்து நான் யார் என்று தெரியாமல் போக, நான் என்ன சினிமாக்காரனா? வயிற்றை வைத்தே பிடித்துவிட்டார். இல்லை நானா, இன்னும் போகவில்லை, தயவுசெய்து சத்தம் போடாதீர்கள் என்றேன். அவர் என் கண்ணைப் பார்த்தார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட வாசலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து கையில் வைத்தார். மாஸ்க்கைக் கழற்றாமல் எப்படிக் குடிப்பது? பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகள் வந்தார்கள். அவளும் வந்தாள். தண்ணீர்ப் போத்தல் கழுத்தில் தொங்க, ஒரு பக்கச் சப்பாத்து லேஸ் அவிழ்ந்து இழுபட, பக்கத்தில் வந்த பிள்ளைக்கு எதையோ கையாட்டி விளங்கப்படுத்திக்கொண்டு வந்தாள். முகம் நன்றாக இருந்தது. அழுத முகம் இல்லை. சிரித்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. வீடியோவில் அது எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூட வானில் ஏறப் போனவள் திரும்பினாள். நேராக என்னைப் பார்த்தாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு ஓட்டோ கூட இல்லை. கொட்டாஞ்சேனையில் அப்படி ரோடு காலியாக இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். எனக்குக் கால் எழும்பவில்லை. மனைவி சொன்னது ஒரு காலைப் பிடித்தது, அக்கா சொன்னது மற்றக் காலைப் பிடித்தது. வான்காரன் ஹோன் அடித்தான். அவள் ஏறினாள். வான் போய்விட்டது. கையில் இருந்த பிளேன்ரீ என் சாரத்தில் ஊற்றுப்பட்டிருந்தது. அதுவும் அத்தானுடைய சாரம்.

பின்னேரம் வழக்கமான நேரத்துக்கு நான் கொமட் மூடியில் போய் உட்கார்ந்தேன். மகள் போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து விழுந்த பல்லைக் காட்டினாள். அப்போதுதான் பார்க்கிற மாதிரி ஆச்சரியப்பட்டேன். பிறகு சாவதானமாகச் சொன்னாள்:

"அப்பா, இண்டைக்கு உங்களை மாதிரி ஒராளைக் கண்டனான்."

பின்னால் மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை நின்றது.

"அப்பிடியோ? எங்க?"

"பள்ளிக்கூடத்தடியில. தொப்பி போட்டிருந்தவர். என்னையே பாத்துக்கொண்டு நிண்டவர்."

"அது நானெண்டு நினைச்சீங்களோ?"

"முதல் நினைச்சனான்," என்றாள். "ஆனா அவர் கிட்ட வரேல்ல. நீங்களெண்டா ஓடி வந்திருப்பீங்கள்தானே."

மனைவி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. போன் திரையில் அவளுடைய முகம் சின்னதாகத் தெரிந்தது. நான் சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்று பயந்துகொண்டிருக்கிற முகம்.

"ஓம் குஞ்சு," என்றேன். "நானெண்டா வந்திருப்பன். அது வேற ஆரோ."

அவள் அதோடு விட்டுவிட்டு விழுந்த பல்லை எங்கே வைத்திருக்கிறாள் என்று சொல்லத் தொடங்கினாள். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கதைத்து முடிந்த பிறகும் லைற்றை நிற்பாட்டாமல் அங்கேயே இருந்தேன். அத்தான் வந்து கதவைத் தட்டும் வரைக்கும்.

பேப்பர் வந்துவிட்டது, நாளைக் காலை விமானம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னது அதற்குப் பிறகு ஒருநாள். அக்கா கலண்டரைப் பார்க்கவில்லை. தேங்காய், தேசிக்காய் ஒன்றும் இல்லை, அதெல்லாம் முதலே செலவழித்தாகிவிட்டது. அடுத்த நாள் காலை மனைவியோடு போனில் கதைத்தேன். பிள்ளையை நித்திரையால் எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திக்கொண்டிருந்தாள். கவனம், போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கோ என்றாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். நான் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவன் அல்லவா.

பெட்டியை ஏற்றின வான் சாரதி சிங்களப் பெடியன். அவர்கள் பாஷையில் தம்பி என்றால் மல்லி. காலி வீதியில் ஏறினதும் திரும்பி, கொட்டாஞ்சேனைப் பக்கத்தால் போகவா, இல்லாவிட்டால் மற்றப் பக்கத்தால் சுற்றி ஹைவேயில் ஏறவா, இந்த நேரம் இரண்டும் ஒன்றுதான் என்று கேட்டான். மணியைப் பார்த்தேன். பள்ளிக்கூட வான் எங்கள் ஒழுங்கை முனைக்கு வருகிற நேரம். அந்தப் பக்கத்தால் போனால் அவள் அங்கே நிற்பாள். கண்டால் இறங்காமல் இருக்க என்னால் முடியாது. இறங்கினால், அன்றைக்குத் தொப்பியோடு நின்றவன் ஆர் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

சுற்றியே போ மல்லி என்றேன்.