கல்வேலிக்கு வந்த மலைக்குருவி

நெடுந்தீவில் மாடு வளர்த்த மேரிறோசுக்கு எதையும் கேட்டு அறியாவிட்டால் இருப்புக்கொள்ளாது. பசு ஏன் எப்போதும் ஒரு பக்கமாகவே படுக்கிறது என்று கேட்டே அயலவரை அலுக்கவைத்தவள். ஆனால் 1983இல், தம்பி சந்தியோகுவின் மனைவி நல்லம்மாவிடம் மட்டும் அவள் எதுவும் கேட்கவில்லை. நல்லம்மா நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். ஆடிக் கலவரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் எரிய, அங்கே வேலைக்குப் போய் அவளைக் கட்டியிருந்த கணவனோடு தீவுக்கு வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி.

ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கிய ஒரு காலை, மாட்டுப்பட்டியின் கல்வேலியில் ஒரு குருவி விழுவதுபோல வந்து இறங்கியது. கைக்குள் அடங்கிவிடும். முதுகு சாம்பல், தொண்டை செங்கல் நிறம், அதற்குக் கறுப்புக் கரை. வாலை வெடுக்கென்று நிமிர்த்தி, கன்றைச் சுற்றிய ஈயைப் பறந்து கவ்விக்கொண்டு பழைய கல்லுக்கே திரும்பியது.

"இதென்ன குருவி? நான் கண்டதில்லை" என்று மேரிறோஸ் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இது எங்க ஊர்க் குருவி, மதினி."

நல்லம்மாதான். மேரிறோஸ் திகைத்துத் திரும்பினாள். "என்ன சொன்னனீர்?"

"கார்த்திகையில மலையில நிக்கும். தேயிலைக்கு மேல காட்டோரமா உக்காந்து பூச்சி புடிக்கும். பங்குனி கழிஞ்சா ஒண்ணைக்கூடப் பாக்க முடியாது."

"எங்கை போகும்?"

"யாருக்குத் தெரியும்?"

மேரிறோஸ் விடவில்லை. எந்த மரம், கூடு கட்டுமா, கத்துமா? கூட்டை யாரும் கண்டதில்லை என்றாள் நல்லம்மா. மரத்தைச் சொன்னவள் மரத்தடி லயத்தையும் சொன்னாள், லயம் எரிந்ததையும் சொன்னாள். சொல்லிவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேரிறோஸ் அவளை அணைத்துக்கொண்டாள்.

கடலுக்குப் போய்த் திரும்பிய சந்தியோகுவையும் மேரிறோஸ் கேள்வி கேட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"வாடைக்குச் சின்னக் குருவியள் அலையோடை அலையா வாறதைக் கண்டிருக்கிறன், அக்கா. வடக்கிலை இருந்துதான்."

"அப்ப வடக்கிலையும் அதுக்கு ஒரு மலை இருக்கவேணும். அங்கைதான் கூடு கட்டுது!"

மறுநாள் குருவி இல்லை. பங்குனியில் மேரிறோசும் நல்லம்மாவும் வேலியைப் பார்த்திருந்தார்கள். திரும்பும் வழியில் அது இறங்கவில்லை. வேறு பாதை என்றாள் மேரிறோஸ். பசிக்காமல் போயிருக்கும் என்றாள் நல்லம்மா.

நல்லம்மா தீவிலேயே தங்கினாள், பால் கறக்கப் பழகினாள். இரண்டு வருடம் கழித்து ஒரு வாடையில் வேறொன்று வந்தது. வாலை நிமிர்த்தியது, ஆனால் தொண்டையில் சிவப்பில்லை. அது வேறு சாதி என்று மேரிறோஸ் சாதித்தாள்.

"பொட்டை, மதினி!" என்று நல்லம்மா சிரித்தாள். "நிறமெல்லாம் சேவலுக்குத்தான்."

"அதேன் அப்பிடி?" என்றாள் மேரிறோஸ்.